நாற்பத்தைந்தும் தொண்ணூறும்

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, வியாசர்பாடியிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். இந்தியாவில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அப்போதுதான் டிவியில் சொல்லி முடித்திருந்தார்கள். “அண்ணே, உங்க ஊர் கதை இங்கேயும் வந்துருச்சு” என்றான். குரலில் பதற்றம் பாதி, வேடிக்கை பாதி.

“பழைய நோட்டை மாத்திக் குடுக்கிறாங்களா?” என்று கேட்டேன்.

“டிசம்பர் 30 வரைக்கும் பேங்க்ல கட்டலாமாம்.”

“அப்படின்னா அது எங்க ஊர் கதை இல்லடா. படுத்துத் தூங்கு.”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த இரண்டு மாதம் அவன் வரிசையில் நின்ற கதையையெல்லாம் கேட்டபிறகு, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் எங்கள் ஊர் கதை வேறுதான். அதை முழுசாக யாருக்கும் சொன்னதில்லை. போன மாதம் எங்கள் ஆபீஸில் கணக்கு கற்றுக்கொள்ள வந்திருக்கும் பையன், பேரேட்டைக் காட்டி, “டாலருக்கு எதுக்குண்ணே மூணு பத்தி?” என்று கேட்டபோது, பதிலை 1987-இலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. பாதியில் லோடு வந்து எழுந்து போனோம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் ரங்கூனில் பயின்னாங் சந்தையில் ஒரு பருப்புத் தரகு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். யாங்கோன் என்று பெயர் மாறி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கு இன்னும் ரங்கூன்தான். உங்கள் வீட்டு இட்லி மாவில் இருக்கும் உளுந்து எங்கள் மூட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. பர்மியர் அதை மத்பே என்பார்கள், சாப்பிடுவது குறைவு. விளைவது அநேகமாகக் கப்பலுக்குத்தான். பெகு, ஐராவதிப் பக்கம் நெல் அறுத்த ஈரத்திலேயே விதைத்து, பிப்ரவரி மார்ச்சில் சந்தைக்குக் கொண்டுவருவார்கள்.

எங்கள் அப்பாவுக்கும் பருப்புதான் தொழில். பெகுவில் சின்னக் கடை. ஒரு தராசு, இரும்பு எடைக்கற்கள், வீசைக் கணக்கு. வீசை நம் சொல். அதை ஆங்கிலேயர் விஸ் என்று எழுதிவைக்க, பர்மியர் வாயில் அது பெய்தா.

1987 செப்டம்பர் 1-ஆம் தேதி ஒரு நல்ல சேதி வந்தது. நெல் வியாபாரத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை எடுக்கிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக விவசாயி அரசாங்கம் சொன்ன விலைக்கு அரசாங்கத்துக்கே நெல்லை அளந்துகொண்டிருந்தான். மிச்சமெல்லாம் கள்ளச்சந்தை. இனி யாரும் வாங்கலாம், விற்கலாம். இப்போது புத்தகங்களில் சீர்திருத்தம் என்று போடுகிறார்களே, அச்சு அசல் அதுதான். பொருளாதாரம் படித்த யாரைக் கேட்டாலும் சரியான நடவடிக்கை என்றே சொல்வார்கள்.

அப்பா அதை நம்பினார். அவர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. 1964-இல் 50, 100 கியாட் (எங்கள் ஊர் பணம்) நோட்டுகள் செத்ததைப் பார்த்தவர். அதே வருஷம் கடைகளில் மக்கள் கடை என்று பலகை மாட்டியபோது, கூடப்பிறந்தவர்கள் மெட்ராஸ் கப்பல் ஏற, “நான் எங்கே போறது?” என்று இங்கேயே தங்கிவிட்டவர். 1985 நவம்பரில் 20, 50, 100 செல்லாது என்றபோதும் இங்கேதான் இருந்தார். அப்போது வரம்பு வைத்துக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். புதிதாக 75 கியாட் நோட்டு வந்தது. நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஜெனரல் நே வின்னுக்கு அந்த வருஷம் 75-ஆவது பிறந்தநாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இத்தனையும் பார்த்தவர், நெல் விஷயத்தில் மட்டும் நம்பினார். ஏனென்றால் அது வியாபாரிக்குப் புரிகிற பாஷையில் வந்தது.

அம்மாவின் இரண்டு வளையல்களை விற்றார். கடையில் இருந்த துவரையைக் குறைந்த விலைக்குத் தள்ளினார். எல்லாவற்றையும் ரொக்கமாக்கி ஓவல்டின் டப்பாவில் வைத்தார். பெரும்பாலும் 75 கியாட் நோட்டுகள். திங்கட்கிழமை தவுங்கூ பக்கம் போய் நெல்லுக்கு முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை, செப்டம்பர் 5. வானொலியில் அறிவிப்பு: 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது. மாற்றித் தர மாட்டோம்.

நெல் விற்கச் சுதந்திரம் கொடுத்து நான்கு நாள் கழித்து, நெல் வாங்கவிருந்தவன் கையிலிருந்த காசைக் கொன்றார்கள். இரண்டு அறிவிப்பும் ஒரே அரசாங்கத்திடமிருந்து, ஒரே வாரத்தில். எனக்கு வயது பதினேழு. அப்பா டப்பாவைத் திறந்து நோட்டுகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். செல்லாத நோட்டை எதற்கு எண்ண வேண்டும்? அதை அவரிடம் கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று செத்தது புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கும் மேல். கள்ளச்சந்தைக்காரர்களை ஒடுக்கத்தான் இது என்றார்கள். நோட்டு சாகும்போதெல்லாம் எல்லா ஊரிலும் சொல்லும் காரணம்தான். பெரிய கள்ளச்சந்தைக்காரன் நோட்டு வைத்திருப்பானா? அவனிடம் தங்கம் இருந்தது, தாய்லாந்து பாட் இருந்தது, கிடங்கு நிறையச் சரக்கு இருந்தது. நோட்டு வைத்திருந்தவர்கள் சம்பளக்காரர்கள், சந்தையில் காய் விற்கிற பெண்கள், பிள்ளைக்குக் காலேஜ் செலவுக்கு எடுத்துவைத்த தகப்பன்மார்கள். ரங்கூனில் மாணவர்கள் அன்றைக்கே தெருவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாவற்றையும் மூடினார்கள். டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை பர்மாவை ‘மிகவும் பின்தங்கிய நாடு’ பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு. அடுத்த மார்ச்சில் ஒரு டீக்கடைச் சண்டையில் தொடங்கியது ஆகஸ்ட் 8-இல் ஜனநாயகம் கேட்டு நாடு முழுக்க எழுந்த போராட்டத்தில் போய் நின்றது. 8-8-88 பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஜனநாயகத்தில் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் அது ஓவல்டின் டப்பாவில்தான் தொடங்கியது.

புது நோட்டு உடனே வரவில்லை. 15 கியாட்தான் அப்போது நாட்டிலேயே பெரிய நோட்டு. செப்டம்பர் 22-இல் புதியவை வந்தன: 45, 90. இரண்டும் ஒன்பதால் வகுபடும், இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது. நே வின்னுக்கு ஒன்பது ராசி என்றார்கள்.

அந்த நோட்டுகளை வைத்துச் சில்லறை கொடுத்துப் பார்த்தவனுக்குத்தான் அருமை தெரியும். ஒருவர் 137 கியாட்டுக்குச் சரக்கு வாங்குகிறார் என்று வையுங்கள். 45 நோட்டு மூன்று கொடுத்தால் 135, இரண்டு குறையும். 90 நோட்டு இரண்டு கொடுத்தால் 180, மிச்சம் 43 தர வேண்டும். 15 இரண்டு, 10 ஒன்று, அப்புறம் ஒற்றை மூன்று. அதற்குள் பின்னால் நிற்கிற பாட்டி தன் கைக்காசை மனதுக்குள் கூட்டிப்பார்த்துவிட்டு, பாதியில் விட்டு, மறுபடி கூட்டிக்கொண்டிருப்பார். அப்பா ஒரு சோப்புப் பெட்டி அட்டையைக் கிழித்து நாற்பத்தைந்தாம் வாய்ப்பாடு எழுதித் தராசுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். 45, 90, 135, 180, 225... இடப்பக்கம் தமிழில், வலப்பக்கம் பர்மிய இலக்கத்தில். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத்தான் காசு எண்ணுவார்கள். நான் கணக்கெழுதும் வேலைக்கு வந்தது அந்த அட்டையால்தான் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

அதற்கப்புறம் அப்பா சாகும்வரை ராத்திரி நோட்டோடு படுத்ததில்லை. சாயங்காலம் கடை மூடும்போது கல்லாவில் இருப்பதை ஏதாவது பொருளாக மாற்றிவிடுவார். உளுந்து, வெங்காயம், காய்ந்த மிளகாய். ஒரு தடவை எட்டுப் பெட்டி மெழுகுவர்த்தி. பணம் கொஞ்சம் சேர்ந்தால் தங்கம். இங்கே தங்கத்தைப் பவுனில் சொல்வதில்லை. எடைக்கும் கியாட் என்றுதான் பெயர், ஏறக்குறைய இரண்டு பவுன். “கியாட்னு பேர் வச்சதுல இது ஒண்ணுதான் செத்ததே இல்ல” என்பார்.

2003-இல் தனியார் வங்கிகளில் கூட்டம் முண்டியடித்தபோது நாங்கள் வரிசையில் நிற்கவில்லை. போட்டிருந்தால்தானே எடுப்பதற்கு! 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஏடிஎம் வாசலில் விடிகாலை நான்கு மணிக்கு டோக்கன் வாங்க நின்றது மட்டும் நான்தான். மண்டிப் பணம் வங்கியில் இருந்தது. போனில் தெரிகிற தொகையைக் கையில் ரொக்கமாக வாங்க நூற்றுக்கு இத்தனை என்று கமிஷன் கேட்டார்கள். கொடுத்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சீர்திருத்தம் என்றாலே எனக்கு ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1977-இலிருந்து 2012 வரைக்கும் அரசாங்கக் கணக்கில் ஒரு டாலர் சுமார் 6 கியாட். வெளியே அது நூறாகி, ஆயிரத்தையும் தாண்டியது. அரசாங்கப் புத்தகத்தில் ஆறு ஆறாகவே இருந்தது. தாய்லாந்துக்கு விற்ற எரிவாயுவின் டாலரை ஆறால் பெருக்கி வரவு வைத்தால் பட்ஜெட்டில் அது எவ்வளவு தெரியும்? மிச்சம் எங்கே போச்சு என்று கணக்குப்பிள்ளையான என்னைக் கேட்காதீர்கள். 2012 ஏப்ரல் 1-இல் அந்த ஆறைத் தூக்கிவிட்டு 818 என்று தொடங்கினார்கள். முன்கூட்டியே சொல்லி, பத்திரிகையில் எழுதி, தேதி வைத்துச் செய்தார்கள். சந்தையில் ஒரு சலசலப்பும் இல்லை. அன்றைக்கு நான் வழக்கம்போல மத்தியானம் சாப்பிட்டேன். முன்னே ஒரு மொபைல் சிம்முக்கு ஆயிரம் டாலர், இரண்டாயிரம் டாலர் கொடுத்தோம். 2014-இல் அது 1,500 கியாட்டுக்கு வந்தது. அதுவும் சீர்திருத்தம்தான். நானும் வாங்கினேன், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு.

2007 ஆகஸ்டில் நடந்ததும் புத்தகப்படி சரிதான். எண்ணெய் மானியத்தைக் குறைக்கச் சொல்லி உலகம் முழுக்க ஏழை நாடுகளுக்கு உபதேசம் செய்கிறார்களே. ஆனால் இங்கே ஒரு நாள் காலை எழுந்து பஸ்ஸுக்குப் போனால், டீசல் கேலன் 1,500-இலிருந்து 3,000. பஸ்ஸுக்குப் போடும் கேஸ் ஐந்து மடங்கு. ஒரு வார்த்தை முன்னறிவிப்பு கிடையாது. கையில் பஸ் காசு போதாமல் பாதி வழியில் இறங்கி வேலைக்கு நடந்தவர்களை நான் பார்த்தேன். அடுத்த மாதம் பிக்குகள் பிச்சைப்பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள்.

அதனால் என் கணக்கு இதுதான். எந்தச் சீர்திருத்தம் என்று நான் கேட்பதில்லை. எத்தனை நாள் முன்னால் சொன்னார்கள், யாரிடம் முதலில் சொன்னார்கள் என்று கேட்பேன். ரகசியமாக ராத்திரியோடு ராத்திரியாக வருகிற நடவடிக்கை எல்லோருக்கும் ரகசியமாக இருப்பதில்லை. விலை ஏறப்போகிறது என்று யாரோ சிலருக்கு முந்தின நாளே தெரிந்திருக்கும். அவர்கள் கையில் நோட்டு இருக்காது. கடைசியாகக் கேள்விப்படுகிறவன் கையில்தான் இருக்கும்.

இப்போது பையன் கேட்ட மூன்று பத்திக்கு வருகிறேன். ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்குச் சில நாள் முன்னால்தான் ஐஎம்எஃப் என்கிற சர்வதேச நிதியம் கோவிட் உதவியாக 35 கோடி டாலர் அனுப்பியிருந்தது. அப்போது வெளியே ஒரு டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது. அப்புறம் ஏறத் தொடங்கியது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டிலிருந்து வரும் டாலரையெல்லாம் ஒரே வேலை நாளுக்குள் 1,850 வீதம் கியாட்டாக மாற்றிவிட வேண்டும் என்று மத்திய வங்கி உத்தரவு போட்டது. ஆகஸ்டில் அது 2,100 ஆனது. ஏற்றுமதியாளர் நூற்றுக்கு 65 பங்கை அந்த விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 35 பங்கைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2023-இல் அந்த 65 ஐம்பதானது, வருஷக் கடைசியில் 35 ஆனது. ஒவ்வொரு தடவையும் நான் பழைய பக்கத்தை மடித்துவிட்டுப் புதுப் பக்கம் போட்டேன்.

அந்த 65 இருந்த நாளில் நூறு டாலருக்கு உளுந்து கப்பல் ஏறியது என்று வையுங்கள். வெளியே டாலர் 3,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 65 டாலருக்கு 2,100 வீதம் 1,36,500. மிச்சம் 35-ஐ வெளிவிலைக்கே விற்றாலும் 1,05,000. மொத்தம் 2,41,500. முழுசையும் வெளிவிலைக்கு விற்றிருந்தால் 3,00,000. இடையில் காணாமல் போன 58,500-க்கு வரி என்று பெயர் கிடையாது, ரசீது கிடையாது. ஆனால் பட்டென்று ஒருவர் தலையில் போய் விழும்.

யார் தலையில்? மும்பையில் வாங்குகிறவர் உலக விலைக்குத்தான் வாங்குவார். ஏற்றுமதியாளர் நஷ்டத்துக்குக் கப்பல் ஏற்ற மாட்டார். எங்கள் மண்டிக்குக் கமிஷன் நூற்றுக்கு இத்தனை என்று கட்டியாகிவிட்டது. மிஞ்சுவது பெகுவில் இருக்கிற விவசாயிதான். அவர் விதைக்கும்போது டீசல், உரம் எல்லாம் வெளிவிலை டாலரில் வந்தவை. விற்கும்போது அவருக்குக் கிடைக்கிற டாலரில் ஒரு பங்கு மத்திய வங்கி விலை. இந்தப் பக்கம் மலிவாகப் பிடுங்கிய டாலர் அந்தப் பக்கம் யாருக்கு மலிவாகப் போகிறது என்பதுதான் அரசியல். பெட்ரோலுக்கு, சமையல் எண்ணெய்க்கு என்று சொல்வார்கள். கொஞ்சம் உண்மையும் இருக்கும். மலிவு டாலர் கிடைத்தும் பாமாயில் வாங்க ஏன் வரிசை என்று மட்டும் கேட்கக்கூடாது.

2024 நடுவில் வெளியே டாலர் 6,000-ஐத் தாண்டியது. அரசாங்கத்தின் விலை 2,100-இலேயே நின்றது. தங்க வியாபாரிகளைப் பிடித்தார்கள், அரிசி வியாபாரிகளைப் பிடித்தார்கள். சம்பளம் கூட்டிக் கொடுத்த கடைக்காரர்களையும் பிடித்தார்கள். சம்பளம் ஏறினால் விலைவாசி ஏறிவிட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். எங்கள் முதலாளி அந்த வாரம் எங்களைக் கூப்பிட்டு, “சம்பளம் அப்படியே இருக்கட்டும், ஆளுக்கு மாசம் ஒரு மூட்டை அரிசி தர்றேன், யார்கிட்டேயும் சொல்லாதீங்க” என்றார். சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், அவர் தமிழ் படிக்க மாட்டார்.

விலை ஏறினால் வியாபாரியைப் பிடி என்பது இங்கே புதுசும் இல்லை. நம்மவர்களுக்கு அதில் பழைய பங்கும் உண்டு. 1930-இல் உலகச் சந்தையில் அரிசி விலை சரிந்தபோது கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. ஏழெட்டு வருஷத்தில் அது 25. செட்டியார்கள் நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் அல்ல, வட்டி வேண்டும் என்று வந்தவர்கள். நிலத்தை வைத்துக்கொண்டு தவித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு உலக அரிசிச் சந்தை தெரியாது, ரங்கூன் மொகல் தெருவில் கணக்குப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஆள்தான் தெரிவார். 1964-இல் கடைகளைப் பிடுங்கியபோது ஊரில் நிறையப் பேர் அதை நியாயம் என்று நினைத்ததற்கு வேர் அங்கே இருக்கிறது. அப்பா இதைப் பேசப் பிடிக்காதவர். நான் பேசுகிறேன், ஏனென்றால் மண்டியில் உட்கார்ந்து அதே வரிசையில் இன்னொரு கணக்கை நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொழும்பில் இருக்கிற நண்பர் ஒருவர் 2022-இல், “எங்கட நிலைமை உங்கட மாதிரி ஆயிட்டுது” என்று எழுதினார். ஆகவில்லை. அவர்கள் ஜனாதிபதியை ஓட வைத்தார்கள், ஐஎம்எஃப் கடன் வந்தது, மின்கட்டணம் ஏறியது, எல்லோரும் திட்டினார்கள், 2024-இல் ஓட்டுப் போட்டு ஆளை மாற்றினார்கள். சீர்திருத்தம் வலித்தால் அங்கே திட்ட ஒரு ஆள் இருக்கிறார். இங்கே நாட்டுக்குப் பொருளாதார ஆலோசனை சொல்ல வந்த ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஷான் டர்னலையே இருபத்தொரு மாதம் சிறையில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

பையனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. முதல் பத்தி மத்திய வங்கி விலை, இரண்டாவது வெளிவிலை, மூன்றாவது நமக்கு உண்மையில் கைக்கு வருகிற சராசரி. விவசாயிக்கு விலை சொல்லும்போது மூன்றாவதைப் பார் என்றேன். தலையாட்டினான்.

லோடு வந்தது என்றேனே, அது பெகுவிலிருந்து வந்த நாற்பது மூட்டை. கொண்டுவந்தவர் அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகன், பர்மியர். எடை போட்டு, ஈரம் பார்த்து, விலை சொன்னேன். யோசித்தார். வண்டி வாடகைக்கும் டீசலுக்கும் ஆகிற அளவுக்கு மூன்று மூட்டையை மட்டும் விற்றார். மிச்சப் பணத்தை ரொக்கமாகவோ போனிலோ அனுப்பட்டுமா என்று பையன் கேட்டான். வேண்டாம், மூட்டை கிடங்கிலேயே கிடக்கட்டும், துண்டுச் சீட்டு கொடு என்றார். அவர் பெயரில் 37 என்று இருப்பு எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து லுங்கி முடிச்சில் செருகிக்கொண்டு, வண்டி ஏறப் போனார்.